நிறுத்தச் சொல்ல எந்தக் கையும் போதும்

கட்டடப் பணியிடத்துக் கிரேனின் அறைக்குள் முதன்முதலில் ஏறி அமர்ந்தபோது அந்த அம்மாளுக்கு நாற்பது வயது. அதுவரை அதே இடத்தில் மணல் சுமந்தவர். கற்றுக்கொடுத்தவனோ அவரைவிடப் பத்து வயது இளையவன்; கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுபவன். அவன் சுட்டுவிரலை மேல்நோக்கிச் சுழற்றினால், இரும்பு உத்தரம் தூக்கம் கலைந்ததுபோல் தரையைவிட்டு எழும்பும். மணற்சட்டியை இறக்கவும் மறந்து அந்த விரலைப் பார்த்து நின்றதில்தான் அவருக்கு இந்த ஆசையே பிறந்தது.

"பல்ப் மாத்த ஸ்டூல் மேல ஏறவே என்னைத்தான் கூப்பிடுவே. நீ கிரேன் ஓட்டப் போறியாக்கும்!" என்று கணவர் சிரித்தார்.

சைகைக்காரன் சிரிக்கவில்லை. மதிய இடைவேளைதோறும் சொல்லிக்கொடுத்தான். அதில் ஒன்றை மட்டும் அன்றாடம் ஒப்பிக்கவைத்தான்: "தூக்க, இறக்க, திருப்ப என் கை மட்டும்தான்க்கா. நிறுத்தறதுக்கு எவன் கை காட்டினாலும் நிறுத்திடணும். ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

தேர்வு நாள் வந்தது. தேறினால் அந்த இருக்கை. தவறினால் பழைய மணற்சட்டி. உத்தரம் பாதி உயரம் போனபோது, ஓரத்தில் நின்ற வெல்டர் நிறுத்தச் சொல்லிக் கையை வீசினார். அம்மாள் நிறுத்தினார். கீழே ஒரே சிரிப்பு.

"சாவி குடுத்த பொம்மை மாதிரி நிக்குதுடா!"

வெல்டர் சிரித்துக்கொண்டே மீண்டும் வீசினார். அம்மாள் மீண்டும் நிறுத்தினார். வயர்லெஸ்ஸில் மேற்பார்வையாளர் சீறினார்: "ஏம்மா, கண்டவன் கையாட்டினா நிப்பியா? இன்னொரு தடவை நின்னா இறங்கிப் போய்க்கிட்டே இரு."

உத்தரம் சுவருக்கு அப்பால் தரையை நெருங்கி இறங்கிக்கொண்டிருந்தது. வெல்டரின் இரு கைகளும் உயர்ந்தன. 'சீட்டு கிழிஞ்சுது' என்று நினைத்தபடியே அம்மாள் லிவரை நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தரத்தில் நின்ற இரும்புக்கு நேர்கீழே, சுவர் மறைவில், சாரம் கட்டுபவர் கயிற்றை இழுத்துக்கொண்டு குனிந்தபடி வந்துகொண்டிருந்தார். சைகைக்காரனின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை, வெல்டருக்குத் தெரிந்தார். அண்ணாந்து பார்த்த சாரக்காரர் கயிற்றைப் போட்டுவிட்டு அப்பால் ஓடினார். இரும்புக்கும் அவர் தலைக்கும் இடையே ஒரு முழம்கூட இருந்திருக்காது.

வயர்லெஸ்ஸில் சைகைக்காரனின் குரல் மெல்ல வந்தது.

"ரெண்டு தடவை ஏமாந்தப்புறம், நானா இருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்க்கா."

"நீதானே தம்பி சொல்லிக்குடுத்தே?"

"சொல்லிட்டேன். செஞ்சது நீங்க."

மேற்பார்வையாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மிச்சத்தையும் இறக்கிடும்மா. நாளையிலிருந்து நீயே ஏறிக்கோ."

சைகைக்காரன் கையை உயர்த்தினான். அம்மாள் வியந்து வியந்து பார்த்த அந்த விரல் இப்போது நடுங்கியது. நடுக்கம் அடங்கும்வரை, லிவர்மீது கைவைத்தபடி, அவர் மேலே காத்திருந்தார்.