கேட்டருளும் என்று சொன்ன ஆறு பேர்

கடற்கரை ஊரான குருநகரில் எங்கள் அன்பியத்தில் பதினொரு வீடுகள் இருந்தன. பங்கிலுள்ள வீடுகளைத் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் அன்பியம் என்று சொல்வோம். வியாழக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபமாலை சொல்லுவோம். ஆண்கள் கடலுக்குப் போகிற நேரம் என்பதால் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். செபமாலை முடிந்ததும் மன்றாட்டுகள். ஒருவர் ஒரு கருத்தைச் சொல்ல, மற்ற எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லவேண்டும். பிறகு பால் விடாத பிளேன்ரீ, விசுக்கோத்து. அந்த அன்பியத்தை எட்டு வருடமாக நடத்துகிறவள் நான். மற்ற நேரத்தில் வீட்டில் தையல்.

போரில் சிக்கிய பிள்ளைகளுக்காக ஒரு மன்றாட்டு எங்களிடம் ஒருபோதும் தவறுவதில்லை. அதைத் தொடங்கியவளும் நான்தான். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு கோயில் மண்டபத்தில் நெடுநாள் படுத்திருக்கிறோம். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், எங்கேயோ வெளிநாட்டில் ஆட்கள் எங்களுக்காகச் செபிக்கிறார்கள் என்று பூசை வைத்த சுவாமி சொன்னார். அதைக் கேட்டு நான் ஓரளவு பெரிய ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. கால் நீட்ட இடமில்லாத மண்டபத்தில், தலையில் பேனோடு இருந்த என்னைத் தெரிந்துவைத்திருக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது கைபேசியில் வேறு நாட்டுப் பிள்ளைகள் இடிபாட்டுக்குள் நிற்பதைப் பார்க்கும்போது, இது எங்கள் முறை என்று தோன்றும். ஒரு காலத்தில் செபிக்கப்பட்டவர்கள் நாங்கள். இன்று செபிக்கிறவர்களாக இருக்கிறோம். அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று மாமனின் பொறுப்பில் இருந்தாள். தகப்பன் கடலோடு போய்விட்டார். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் மாறவேண்டாம் என்று பிள்ளையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த மாமன் எங்கள் பகுதியில் மதிப்பான ஆள். இரண்டு படகு வைத்திருந்தார். கோயில் திருநாளுக்குப் பந்தல் போடுவதென்றால் முதல் ஆளாக நிற்பார். என் கணவரும் அவருடைய படகில்தான் தொழிலுக்குப் போனார். அவர் குடித்துவிட்டு வருகிற இரவுகளில் அந்த வீட்டில் இருந்து சிலவேளை அழுகுரல் வரும். நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறோம்.

அந்த வருடம் பள்ளிச் சீருடைத் துணியைத் தைக்கத் தந்தபோது, மாமனின் மனைவி ஒரு விஷயம் சொன்னார். பிள்ளைக்குச் சட்டைக் கை கொஞ்சம் நீளமாய் இருக்கட்டும், முழங்கை மூடட்டும் என்றார். சீருடைக்குக் கை அவ்வளவு நீளம் வைப்பதில்லை. வளர்கிற பிள்ளைதானே என்று அவரே காரணமும் சொன்னார். அது வளர்த்திக்காக அல்ல என்று எனக்குத் தெரியாமலில்லை. அளவெடுத்தபோது பிள்ளை கையை நீட்டவில்லை, உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. முழங்கை மூடத் தைத்துக் கொடுத்தேன். நல்ல தையல் என்று மாமி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை எங்கள் வீட்டு முறை வந்தது. விறாந்தையில் கதிரைகள் போதாமல் பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். அன்று பிள்ளைகளும் மன்றாட்டுச் சொல்லலாம் என்று அறிவித்தேன். ஒரு பையன் தன் பள்ளிக்கூடச் சோதனைக்காகச் சொன்னான். ஒரு சிறுமி போர் நடக்கிற நாடுகளில் சாப்பாடு இல்லாத பிள்ளைகளுக்காகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் கேட்டருளும் என்றோம். அப்போது அந்தப் பிள்ளை எழுந்து நின்றாள். கோயிலில் வாசிக்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"எங்கடை வீட்டிலை மாமா எனக்கு அடிக்காமல் இருக்கவேண்டும் என்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

வாய் பழகிப்போயிருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த மாமியும் சொல்லியிருந்தார். அவர் செபமாலையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை மறுபடி பாயில் இருந்துவிட்டாள். வேறு எவரும் மன்றாட்டுச் சொல்லவில்லை. நான் முடிவுச் செபத்தைத் தடுமாறிச் சொன்னேன். அன்று பிளேன்ரீயை ஆறவிட்டே எல்லோரும் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் நான் சந்தைக்குப் போனேன். எங்கள் அன்பியத்தில் ஒரு அக்கா அங்கே மீன் விற்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், சத்தமாகக் கதைக்கிறவர், எவருக்கும் பயப்படாதவர். ஒரு விளைமீனை வெட்டிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே, தானும் நித்திரை கொள்ளவில்லை என்றார். நான் சட்டைக் கையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. மீனைத் தட்டில் போட்டு, கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"கேட்டருளும் எண்டு சொல்லிப்போட்டம். ஆண்டவர் கேட்டிருப்பார். நாங்களும் கேட்டனாங்கள்தானே. இனிக் கேக்கேல்லை எண்டு சொல்ல ஏலாது."

முதலில் பங்குச் சுவாமியிடம் போனோம். அவர் மாமனைக் கூப்பிட்டுக் கதைக்கிறேன் என்றார். அக்கா மரியாதையாகவே மறுத்தார். கதையுங்கோ சுவாமி, ஆனால் பிறகு கதையுங்கோ, இப்போது கதைத்தால் இன்றைக்கே பிள்ளைக்கு அடி விழும் என்றார். சுவாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர்களுக்கென்று ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடம் நேரே போங்கள் என்றார்.

சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டு; அதற்குள் இன்னும் நாலு பேர் சேர, திங்கட்கிழமை காலையில் ஆறு பெண்கள் போனோம். இரண்டு ஓட்டோவில். அதற்கு முன் யாரும் அந்த அலுவலகப் படி ஏறியிருக்கவில்லை என்றில்லை. நிவாரணத்துக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, தொலைந்த பத்திரத்துக்கு என்று வருடக்கணக்காக ஏறியிறங்கியிருக்கிறோம். எப்போதும் எங்களுக்காகவே போனோம். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்காகப் போனது அன்றுதான். அக்கா சந்தையில் இருந்து நேரே வந்திருந்தார். கையில் செதில் ஒட்டியிருந்தது. உடுப்பு மாற்றியிருக்கலாமே என்று ஒருவர் மெதுவாகச் சொன்னதற்கு, மீன் விற்கிறவள் மீன் மணக்காமல் வேறு என்ன மணப்பாள் என்று கேட்டார்.

உத்தியோகத்தர் இளம்பெண். ஆறு பேரையும் பார்த்துவிட்டு, நீங்கள் எந்த அமைப்பு என்று கேட்டார். மாதர் சங்கமா, வேறு நிறுவனமா என்று படிவத்தில் எழுதவேண்டும் போலிருக்கிறது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அக்காதான் பதில் சொன்னார்.

"அமைப்பு ஒண்டுமில்லை, தங்கச்சி. நாங்கள் செபம் சொல்லுற ஆக்கள்."

அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு, எங்களைக் கதிரைகளில் இருக்கச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகுரலைச் சொன்னேன். மன்றாட்டைச் சொன்னேன். சட்டைக் கையையும் சொன்னேன். முறைப்பாடு செய்கிறவரின் பெயரை வெளியில் சொல்லமாட்டோம், ஒருவர் கையெழுத்து வைத்தாலே போதும் என்று அவர் விளக்கினார். நான் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். அக்கா பேனையை என்னிடமிருந்து வாங்கினார். அவருக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். பிறகு மற்ற நாலு பேரும் எழுதினார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த தாள்களுக்குள் அதைவிட அழகான தாள் இல்லை.

அன்று பின்னேரமே அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளையை வைத்தியரிடம் காட்டினார்கள். புதுக்காயமும் இருந்தது, பழைய தழும்பும் இருந்தது. மாமனைப் பொலிஸ் பிடித்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. தாயின் மூத்த சகோதரி நீர்வேலியில் கலியாணம் கட்டியிருந்தார். வாழைத்தோட்டக் குடும்பம். அந்தப் பெரியம்மா நீதிமன்றத்துக்கு வந்து, பிள்ளையை நான் பார்க்கிறேன் என்று பொறுப்பெடுத்துக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது நான் பிள்ளையிடம் கேட்டேன், வேறு யாரிடமும் சொல்லாமல் ஏன் செபத்தில் சொன்னாய் என்று.

"ஆர் என்ன சொன்னாலும் எல்லாரும் சேந்து கேட்டருளும் எண்டு சொல்லுவீங்கள்தானே. எனக்கும் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்" என்றாள்.

பெயரை வெளியில் சொல்லாவிட்டாலும், ஆறு பேர் ஓட்டோவில் போனதை ஊர் பார்த்திருந்தது. குடும்ப விஷயத்தை அரசாங்கக் கச்சேரிவரை கொண்டு போனவர்கள் என்று பேச்சு வந்தது. இது செபக்கூட்டமா பொலிஸா என்று ஒருவர் தெருவில் வைத்தே கேட்டார். இரண்டு வீடுகள் அன்பியத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. என் கணவரை இனிப் படகுக்கு வரவேண்டாம் என்று மாமன் சொல்லியனுப்பினார். அன்று கணவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் நான் கையெழுத்து வைத்தேன். அவர் தன் வலைக்கூடையை எடுத்து வந்து முற்றத்தில் வைத்தார்.

"கடல் என்ன அவன்ரை பேரிலையே எழுதிக் கிடக்கு? நீர் செய்தது சரி" என்றார்.

ஒரு மாதம் வேறு வேறு படகுகளில் ஏறினார். பிறகு ஒரு படகில் நிலையாகச் சேர்ந்தார். அந்த மாதத்தைப் பற்றி இன்றுவரை அவர் வாயால் ஒரு குறை சொன்னதில்லை.

இதற்குள் அன்பிய முறை அந்தக் கடைசி வீட்டுக்கு வந்தது. மாமன் பிணையில் வந்து வீட்டில்தான் இருந்தார். அந்த முறையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். புதன்கிழமை மாமி எங்கள் வீட்டுப் படலை வாசலுக்கு வந்தார். தங்கள் முறையைத் தாண்டிப் போகவேண்டாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மிச்சம் எட்டு வீட்டுக்காரரும் போனோம். மாமி முன்விறாந்தையைக் கழுவி, மாதா சொரூபத்துக்கு நித்தியகல்யாணிப் பூ வைத்திருந்தார். மாமன் உள்ளறையில் இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது, அவருடைய கால் தெரிந்தது. நாங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகவே செபமாலை சொன்னோம். மன்றாட்டு நேரம் வந்தபோது மாமி எழுந்து நின்றார். அந்தக் கதவுப் பக்கம் திரும்பவேயில்லை.

"நான் சொல்லவேண்டியதை ஒரு சின்னப்பிள்ளை சொன்னாள். நானும் அடி வாங்கினனான். பயத்திலை சட்டைக் கையை நீட்டிவிட்டன். இனி மறைக்கமாட்டன் எண்டு உம்மை மன்றாடுகிறோம்."

இம்முறை நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. சொன்னது எங்களுக்குள் இறங்கும்வரை பொறுத்துவிட்டுத்தான் சொன்னோம். அன்றிலிருந்து எங்கள் அன்பியத்தில் அதுதான் வழக்கம். ஒரு மன்றாட்டுக்கும் பதிலுக்கும் நடுவில் சற்றுநேரம் மௌனம் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் நாங்கள் சொல் மறந்துவிட்டோம் என்று நினைத்து எங்களுக்கு எடுத்துக் கொடுப்பார்கள்.

மாமி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். மாமனுக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. குடியை விடுவதற்கான சிகிச்சைக்கும் போகச் சொன்னார்கள். அவர் இப்போது எங்களைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார். மாமி தாய்வீட்டில் இருக்கிறார். பிள்ளையின் தாய் ஒப்பந்தம் முடியும் முன்பே குவைத்தில் இருந்து வந்துவிட்டார். வந்த கையோடு எங்கள் ஆறு வீட்டுக்கும் நடந்து வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போன மாசி மாதம் நாங்கள் ஆறு பேரும் நீர்வேலிக்குப் போனோம். தாயும் பிள்ளையும் அங்கே பெரியம்மாவோடு இருந்தார்கள். அக்கா ஒரு பெட்டி நிறைய மீன் கொண்டுவந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடுகிறாள், முடிய நேரமாகும் என்று பெரியம்மா சொல்ல, நாங்கள் மைதானத்துக்கே போய்விட்டோம். எங்களைக் கண்டதும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் தூரத்தில் இருந்தே கையைக் காட்டினாள், நில்லுங்கோ, ஆட்டம் முடியட்டும் என்று. பிறகு எங்களை மறந்துவிட்டாள். பந்து அவளிடம் வந்தபோது இரண்டு கையையும் மேலே தூக்கி, தன்னைவிட உயரமான பிள்ளைகளிடம் கத்திக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா மீன் பெட்டியை நிழலில் நகர்த்தி வைத்தார். எங்களில் ஒருத்திக்கும் அவசரம் இருக்கவில்லை. ஆறு பேரும் வேலியோரம் நின்று, அவளுடைய ஆட்டம் முடியும்வரை காத்திருந்தோம்.