கயிறு முடிகிற இடம்

போன ஞாயிற்றுக்கிழமை அனுப்பம்பட்டில் ஒரு காதுகுத்து. என் மனைவி செல்வியின் தங்கை கவிதா வீட்டு விசேஷம். காது குத்தியது அவள் மகனுக்கு. என் மகள் ஓவியாவைவிட ஒரு மாதம் சின்னவன். அழுத கண்ணீர்கூடக் காயவில்லை... அதற்குள் டைல்ஸ் போட்ட ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தான்.

கவிதாவின் போனில் ஒரு ஆப் இருக்கிறது. தலை நின்றதா? குப்புற விழுந்ததா? தவழ்ந்ததா? நடந்ததா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். தொட்டால் பச்சை டிக் விழும். அவள் பையனுக்கு எல்லாமே பச்சை. என் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினாள்.

"இன்னா மாமா, பாப்பா இன்னும் நடக்கலயா?"

"நடக்கறாம்மா. கொஞ்சம் எட்டு வெக்கறா. அப்பறம் உக்காந்துக்கறா."

"இவனுக்கு மூத்தவ அவ. டாக்டராண்ட காட்டுனியா இல்லியா?"

செல்வி குறுக்கே வந்தாள். "உன் புள்ள ஓட்டப்பந்தயத்துக்குப் போவட்டும்டி. என் பொண்ணு நிதானமா வருவா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த கேசரியை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

கவிதா விடவில்லை. "சரி, இப்பவே பாத்துடலாம்"னு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஹாலின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். நான் ஓவியாவை இந்தக் கோடியில், தூண் பக்கத்தில் நிறுத்தினேன். சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

ஓவியா நடந்தாள். நன்றாகவே நடந்தாள். பாதி ஹாலில் நின்றாள். திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடியும் தூண் பக்கத்தில் நிறுத்தினேன். மறுபடியும் நடந்தாள். அதே இடம். அதே மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கால்ல ஏதோ கொற இருக்குது சகல" என்றார் கவிதாவின் கணவர். "தைலம் தேச்சுப் பாரு."

எல்லோரும் அவள் காலையே பார்த்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்தேன். தூணிலிருந்து அவள் உட்கார்ந்த இடம் வரைக்கும்.

இதைப் படிக்கிற பசங்களே, உங்களுக்கு விளக்கமாகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் வீடு. தண்ணீர் ஏறும் நாட்களில் ஏரி எங்கள் பின்பக்கப் படி வரைக்கும் வந்துவிடும். நான் படகில் போய்விடுவேன். செல்வி வலையிலிருந்து இறால் பிரிக்க உட்கார்ந்தால், இரண்டு கையும் வேலையில் இருக்கும். உங்கள் வீடுகளில் குழந்தை தவழ ஆரம்பித்தால் கைதட்டுவீர்கள், இல்லையா? எங்கள் தெருவில் கயிறு தேடுவோம்.

பழைய வலையில் மிதவை கோத்த கயிறு. மெத்தென்று இருக்கும். ஒரு முனை குழந்தையின் இடுப்பில். இன்னொரு முனை வீட்டுக் கம்பத்தில். கயிற்றை நாங்கள் பாகக் கணக்கில் அளப்போம். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். ஓவியாவுக்குக் கட்டியது இரண்டு பாகம்.

அந்த ஹாலில் தூணிலிருந்து அவள் உட்கார்ந்த இடமும் சரியாக இரண்டு பாகம். வலை இழுக்கிறவனுக்கு அளந்து பார்க்கத் தேவையில்லை.

இடுப்பில் கயிறு இல்லை. இருந்தும் கயிறு முடிகிற இடத்தில் நின்றுவிட்டாள். இனிமேல் போனால் சுண்டி இழுக்கும், விழுவோம் என்று தெரிந்து வைத்திருக்கிறாள்.

அங்கே யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பார்கள்? 'புள்ளய மாடு மாதிரி கட்டுவீங்களா?' கேட்கிறவர்கள் வீட்டு வாசலில் ஏரி இல்லை, ரோடு இருக்கிறது. பிள்ளை அழுதால் தூக்க ஆள் இருக்கிறது. பால்வாடியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் வளரட்டும்"னு சொல்கிறார்கள். வளரும்வரை தண்ணீர் காத்திருக்குமா?

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில், கயிறு கட்டாத ஒரு மதியம் இருந்தது. அதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் செல்வியிடம் மட்டும் சொன்னேன். மடியில் தூங்கிய ஓவியாவின் சட்டையைத் தூக்கி, இடுப்பில் இருந்த தடத்தைத் தடவினாள். பொன்னேரி நெருங்கும்வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அவுத்துடலாமாய்யா?"

"அவுத்துட்டு?"

செல்வி ஓவியாவின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"நீ சொல்லு. அவுத்துட்டு யாராண்ட வுட்டுட்டுப் போறது?"

"உன்னாண்ட போய்க் கேட்டேன் பாரு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கயிற்றோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து முடிச்சுப் போட்டேன். பின்பக்கப் படிக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிற மாதிரி. அவ்வளவுதான் என்னால் கொடுக்க முடிந்தது.

பசங்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏதாவது விசேஷ வீட்டில், நடக்கத் தயங்குகிற ஒரு குழந்தையைப் பார்த்தால், அதன் காலில் என்ன குறை என்று கேட்காதீர்கள். பக்கத்தில் போய் விரலைக் கொடுங்கள். கூட நடங்கள்.

இதை எழுதும்போது ஓவியா என் எதிரில்தான் இருக்கிறாள். எழுந்தாள். நடந்தாள். பழைய இடத்திலேயே நின்று, உட்கார்ந்துவிட்டாள். புதிதாகச் சேர்த்த கயிறு அவளுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது.

உன் ஆப்பில் இதற்கும் ஒரு கட்டம் இருந்தால், பச்சை டிக் போட்டுக்கொள் கவிதா. என் மகள் கயிறு அளக்கக் கற்றுக்கொண்டாள்.