தூக்கணாங்குருவியின் ரத்தமும் என் தம்பி மகளும்

அன்று காலை ஆழ்வார்குறிச்சி வயல்வரப்பில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கோமதி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது உலகம்மை, வயலுக்குச் சொந்தக்காரரான சுப்பையா அண்ணாச்சி, இங்கிலாந்திலிருந்து என்னோடு வந்திருந்த ஹெலன். அப்புறம், வலையில் சிக்கிய தூக்கணாங்குருவி ஜோடி ஒன்று, கூட்டிலிருந்து இறக்கிய இரண்டு குஞ்சுகள். ஹெலன் குருவியின் இறக்கைக்கு அடியில் ஊசியால் குத்தி, மயிர் போன்ற கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டு, அதனிடம் "சாரி" என்றாள். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அது பழகிவிட்டது. இங்கிலாந்தில் பஸ்ஸில் நாம் மிதித்தாலும் மிதிபட்டவர்தான் சாரி சொல்கிறார்.

"ஏம்வே, இத்துனூண்டு ரத்தத்தக் கொண்டுபோயி என்னவே செய்யப்போறா இந்தம்மா?"

"எந்தக் குஞ்சுக்கு எது அப்பன்னு பாப்பாங்க, அண்ணாச்சி."

"அட, குருவிக் குடும்பத்துலயும் கலகத்த மூட்டிட்டுப் போகப்போறாளாக்கும்! நல்ல சோலிவே!"

கோமதியும் சிரித்தாள். எனக்குப் பயம் வந்து, உலகம்மையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஹெலன் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிறேன். கதவைப் பூட்டினோமா என்று மூன்று தரம் திரும்பிவந்து பார்க்கிற சுபாவம் எனக்கு. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. உலகு என்று நாங்கள் கூப்பிடும் உலகம்மை என் தம்பி மகள். தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்த வருடம் தம்பியும் அவன் மனைவியும் போய்விட்டார்கள். கைக்குழந்தையாக அன்று கோமதியிடம் இருந்ததால் இவள் தப்பினாள். பேசத் தொடங்கியதிலிருந்து எங்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். கோமதிக்கும் இவளுக்கும் விசா கேட்டபோது அதிகாரி, "இந்தக் குழந்தை யார்?" என்றார். "என் மகள்" என்றேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை. அக்கா தங்கை பெற்ற பெண் மருமகள். தம்பி பெற்ற பெண் மகள். எங்கள் பக்கம் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பிறப்புச் சான்று இல்லை என்றதும், அப்பா, மகள் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இங்கிலாந்தில், அவளுக்கு இங்கே.

ஹெலனின் ஆராய்ச்சி இதுதான். சிட்டுக்குருவியின் ரத்தத்தில் சொந்தம் காட்டும் சில குறிகளை அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தூக்கணாங்குருவி சிட்டுக்குருவிக்குத் தூரத்துச் சொந்தமாம். ஒரு வீட்டுச் சாவியைப் பங்காளி வீட்டுப் பூட்டில் போட்டுப் பார்ப்பதுபோல, அதே குறிகள் இதிலும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வரப்பில் வைத்து என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன்: "அண்ணன் தம்பி பிள்ளை என்றாலும் சொந்தம் தெரியுமா?" நான் குருவியைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "ஓ, கட்டாயம் தெரியும்!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் பாதி பயம் போய், ஊரில் இருந்த மிச்ச நாளெல்லாம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திரும்பிப் போய்ச் சில வாரம் கழித்து, கையில் ஈரத்தோடு நின்ற என்னை ஹெலன் இழுத்துக்கொண்டு போனாள். விளக்குப் பெட்டியின்மேல் ஒரு பிலிம். அதில் கறுப்புக் கோடுகள். "பார்! சில குறிகள் பேசவே இல்லை. ஆனால் இவையெல்லாம் வேலை செய்கின்றன!" அவள் குதித்தாள். பிறகு ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தாள். "இந்தக் குஞ்சின் இந்தக் கோடு தாயிடம் இல்லை. நாம் பிடித்த ஆணிடமும் இல்லை. அது இதன் அப்பா அல்ல."

"அப்பாவுக்கு அண்ணனாக இருந்தால்?"

"அப்போதும் பிடிபட்டுவிடும். சில கோடு சேரும், சில சேராது. அப்பா என்றால் எல்லாம் சேர வேண்டும்."

ஒரு நாட்டுச் சிட்டுக்குருவியின் குறி இன்னொரு நாட்டுத் தூக்கணாங்குருவியைச் சொந்தம் என்று கண்டுகொண்டது. அதே வித்தை, ஒரே வீட்டில் பிறந்த எங்களைப் பிரித்துக் காட்டிவிடும். பொய்யன் என்று என்னையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ? பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு ஊரில் உள்ள டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு, கோமதியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க ஏன் இப்படிப் பயப்படுதீங்க? ரத்தம் சொல்லிச்சின்னா நாம பொய் சொன்னதா ஆயிரும். அதுக்கு முன்னாடி நீங்களே போயிச் சொல்லிருங்க. தம்பி மவ நம்ம மவதான்னு தைரியமாச் சொல்லுங்க."

"விசா கிடைக்காமப் போயிட்டுன்னா?"

"புள்ள வராத ஊருக்கு நான் மட்டும் எதுக்கு வாரேன்?"

போய்ச் சொன்னேன். அதிகாரி கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "தத்தெடுத்ததற்குக் காகிதம் இருக்கிறதா?" என்றார். "வீட்டுப் பிள்ளையை யார் சார் தத்தெடுப்பார்கள்?" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. "சாரி, அப்படியானால் இந்த விசா இல்லை" என்றார்.

வெளியே வந்து முதலில் கண்ணில்பட்ட போன் பெட்டியில் நுழைந்தேன். ஊர் பூத்தில் காத்திருந்த கோமதியிடம், விசா இல்லை, இனி ரத்தப் பரிசோதனையும் இல்லை என்று சொன்னேன். உலகு ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, அப்பம் எனக்கு ஊசி குத்த மாட்டாங்களா?"

"மாட்டாங்கடா."

"ஐ!" என்று கத்தினாள். அவள் துள்ளுவது எனக்குக் கேட்டது. இந்தப் பக்கம் கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒருவர் தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அந்தப் பக்கம் பூத்துக்காரர், "ஆளு நிக்கிதுல்லா, வெரசா முடிங்கம்மா" என்றார். இரண்டு ஊரிலும் எனக்குப் பின்னால் யாரோ இடம் கேட்டுக்கொண்டு நிற்க, நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.