குடைப் படம்

கொட்டகைக்குள் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நான் அதற்குள் வீதிக்கு வந்து கோட்டை ரயில் நிலையப் பக்கமாக வேகமாக நடந்துகொண்டிருந்தேன். வேலை தேடிக் கொழும்புக்கு வந்த நான் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இலவசமாகப் பழைய சிங்களப் படம் காட்டினார்கள். நாட்டிலேயே சிறந்த படமாம், பழைய சுருளைக் கழுவித் துடைத்துப் புதிதாக்கியிருக்கிறார்களாம். அதை நான் ஒன்பது வயதிலேயே பார்த்துவிட்டேன். ஆனால் முடிவு இதுவல்ல.

முதலில் வந்தபோது கல்முனையில் மூன்று நாள்கூட ஓடாத படம் அது. வெளிநாட்டில் பரிசு கிடைத்ததும் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. பெருநாளுக்கு மறுநாள் பகல் தொலைக்காட்சியில் போடப்போவதாகக் கேள்விப்பட்டு, மருதமுனையில் எங்கள் தெருவே மாமி வீட்டில் கூடியது. ஜன்னல் கம்பிகளில் பிள்ளைகள் தொங்கினோம். சிங்களம் எங்களில் யாருக்குத் தெரியும்? மாமா பெட்டியருகே நின்று ஒவ்வொரு பேச்சையும் தமிழில் கத்திச் சொன்னார். மாமா உம்மாவின் தம்பி. சைக்கிளில் சாரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சிங்கள ஊர்களில் விற்பவர்.

படத்தில், குடையும் கையுமாக மாணிக்கக் குழி வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. மனைவி ஆற்றங்கரையில் காத்திருக்கிறாள். முதலாளி ஒருவன் அவளிடம் பல்லிளித்துக்கொண்டு வந்தபோது, "அவனுக்குச் செருப்பால குடு புள்ள!" என்று மாமி எழும்பியே விட்டார். நான் தொண்டை கிழியக் கூவினேன்.

உம்மா கதவோரம் இருந்தார். வாப்பா போன தோணி கடலிலிருந்து வராமல் ஏழு மாதம். இத்தா இருக்கச் சொல்லிப் பெரியவர்கள் வெள்ளிக்கு வெள்ளி வந்தார்கள். புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கும் கடமை அது. இருந்தால் வாப்பா மவுத்து என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். பெருநாள் முடியப் பதில் சொல்வதாக உம்மா தவணை கேட்டிருந்தார்.

கடைசிக் காட்சியில் தோணிக்காரன் அந்தக் குடையை அவளிடம் நீட்டி ஏதோ சொன்னான். அவள் குடையைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"என்னவாம் மாமா? தமிழ்ல செல்லுங்களேன்!" என்று கத்தினேன்.

மாமா சால்வையால் முகத்தைத் துடைத்தார். "வாறானாம். குடைய முன்னால அனுப்பிட்டு, பின்னால நடந்து வாறானாம்."

"அப்ப ஏன் அழுறாள்?" என்றார் மாமி.

"சந்தோசத்துல அழுறாள். நான் ஊட்டுக்கு வந்தா நீ அப்புடியா அழுறாய்?"

வீடே சிரிப்பில் அதிர்ந்தது. உம்மாவும் சிரித்தார். அன்று மாலை வாப்பாவின் சட்டைகளை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டார். வெள்ளிக்கிழமை வந்த பெரியவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார். உம்மா இத்தா இருந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

நான் கிழிந்த குடையொன்றைத் தூக்கிக்கொண்டு தெரு, ஒழுங்கையெல்லாம் போய் அந்தக் கதையை நடித்துக் காட்டினேன். எங்கள் தெருவில் இன்றைக்கும் அது குடைப் படம்தான். புருசன் திரும்பி வருகிற அருமையான படம்.

கொழும்புக் கொட்டகையில்தான் சரியாகக் கேட்டேன்: "ஆறு இதை மட்டும்தான் தந்தது" என்கிறான் தோணிக்காரன். இப்போது எனக்குச் சிங்களம் விளங்கும். மாமாவுக்கு அன்றைக்கே என்னைவிட நன்றாக விளங்கும். பத்து வருடம் அந்த ஊர்களில் பேரம் பேசியவர். அவர் துடைத்தது வியர்வை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை சந்தையில் வெங்காய மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. கூட நின்ற அட்டாளைச்சேனைப் பொடியன் என்னை அண்ணன் முறை வைத்து, "நேத்துப் படம் பாத்தீங்களாமே காக்கா, போனவன் கடைசில வந்தானா?" என்று கேட்டான்.

"ஓம், வந்தான்" என்று மூட்டைக்குத் தோள் கொடுத்தேன்.