பல்கனியில் ஓர் எஞ்சின் கவர்

என் கணவரின் மோட்டார் சைக்கிள் எனக்கு முன்பே அவருடைய வாழ்க்கைக்குள் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழையதாகவே வாங்கிய ஜப்பான் வண்டி. வெள்ளவத்தை வீட்டிலிருந்து கொள்ளுப்பிட்டிக் கந்தோருக்கு வேலைக்கு அதில்தான் போவார், அதில்தான் வருவார். மழைக்காலத்தில் ஒரு மாலை, காலி வீதியில் முன்னால் போன ஓட்டோ திடீரென்று திரும்ப, இவர் பிரேக்கை அழுத்த, வண்டி இடப்பக்கமாகச் சரிந்து தாரில் உரசிக்கொண்டே போய் நின்றது. கால் எலும்பு முறிந்தது. வேறு பெரிய காயம் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லகாலம் என்றார்கள்.

அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. பிளாஸ்டர் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி நாள் முழுக்கக் கூடத்தில் இருந்தார். டீவி போடுவதில்லை. பேப்பர் விரிப்பதில்லை. கனடாவிலிருந்து மகள் போன் எடுத்தால், "ஓம், ஓம், சுகம்" என்றுவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுவார். நான் படிப்பிக்கப் போய்த் திரும்பி வரும்போது, காலையில் வைத்த தேத்தண்ணீர் ஆடை படிந்து அப்படியே இருக்கும். சரியான நித்திரையும் இல்லை.

வண்டியைக் கொட்டாஞ்சேனையில் அவருக்குப் பழக்கமான கராஜுக்கு ஏற்றி அனுப்பியிருந்தோம். அதை என்ன செய்வது என்று மெக்கானிக் போனில் கேட்டார். இவரிடம் கேட்டேன்.

"பழைய இரும்புக்குக் குடுக்கச் சொல்லும்," என்றார்.

அதைச் சொல்லத்தான் அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். இவ்வளவு காலம் வீட்டுக்குக் கீழே நின்ற வண்டியை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது. கராஜில் அது இடப்பக்கம் திறந்தபடி நின்றது. மெக்கானிக் ஒரு முஸ்லிம் மனிதர், என் கணவரை விடச் சற்று இளையவர். கழற்றிய எஞ்சின் கவரைக் கொண்டுவந்து காட்டினார். சோற்றுத் தட்டு அளவு அலுமினிய மூடி. ஒரு பக்கம் முழுக்கப் பிறாண்டலாக இருந்தது. மீதி இடத்தில் பழைய வார்னிஷ் மஞ்சளாகத் திட்டுத் திட்டாய் உரிந்திருந்தது.

"எஞ்சினுக்கு ஒண்டும் இல்ல மிஸ். ஹேண்டிலும் நிமித்திட்டன். இதுதான் பாக்க ஏலாம ஈக்கிது. கையால தேச்சாச் சரி வரும், ஆனா எனக்கு நேரம் இல்ல. சேர் விக்கச் சொல்லிட்டாரா?"

"இல்லை. இதை வீட்டை கொண்டுவரச் சொன்னவர்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதைச் சிங்களப் பேப்பரில் சுற்றித் தந்தார்.

வீட்டில் இவர் ஒருதரம் பார்த்தார். சாப்பாட்டு மேசையின் மூலையில் அது அப்படியே கிடந்தது. ஒருவாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே துப்புரவாக்குவது என்று முடிவு செய்தேன். குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்தால் போடும் பவுடர் வீட்டில் இருந்தது. எந்த அழுக்கையும் கரைக்கும். பல்கனியில் பழைய பேஸினில் கவரை வைத்து, பவுடரைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன்.

அலுமினியம் சீறியது. குமிழி குமிழியாகப் பொங்கியது. அழுக்குத்தான் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவர் முழுவதும் தோசைக்கல் மாதிரிக் கறுத்துப் போனது.

"என்ன மணம் அது?" கூடத்திலிருந்து குரல்.

"கவரைக் கழுவுறன்."

"எதால?"

சொன்னேன். ஊன்றுகோல் தரையில் டக் டக்கென்று அடித்துக்கொண்டு வந்தது.

"அலுமினியத்துக்கு ஆராவது காஸ்டிக் சோடா போடுவினமோ! கையில பட்டதோ? முதல்ல கையைக் கழுவும். தள்ளும், தள்ளும்!"

நான் கைகழுவித் திரும்பி வர, அவர் கதவில் சாய்ந்து நின்று ஹோஸ் பைப்பால் கவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரையை இழுத்து இருந்து, அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரவுச் சாப்பாடு வரை என்னைத் திட்டினார். விபத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அடுத்த நாள் என்னை ஹாட்வெயார் கடைக்கு அனுப்பினார். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு சாண்ட் பேப்பர், சொரசொரப்பிலிருந்து மிருது வரை. ஒரு சின்ன அரம். பல்கனியில் வேலை தொடங்கியது. அரத்தால் பிறாண்டலை மட்டம் செய்து, பிறகு பேப்பரால் ஒரே திசையில் தேய்த்தார். பேப்பரை மாற்றும்போது திசையையும் மாற்றினார்.

"முந்தின கோடு முழுக்கப் போகாமல் மற்றதை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டா கடைசியில பொலிஷ் போடேக்குள்ள எல்லாம் தெரியும்," என்றார்.

ஆணித் துளைகளைச் சுற்றிய குடைவுகளுக்குள் அவருடைய விரல் போகவில்லை. அந்த இடங்கள் எனக்கு வந்தன. மாலைகளில் இருவரும் ஒரே வாளியில் பேப்பரை நனைத்துக்கொண்டு இருந்தோம். அப்படி இருந்த ஒரு மாலையில், தலை நிமிராமல் சொன்னார்:

"விழேக்குள்ள எனக்கு உம்மட ஞாபகமும் வரேல்ல, பிள்ளையின்ர ஞாபகமும் வரேல்ல. இது தாரில உரசின சத்தம் மட்டும்தான். கண்ணை மூடினா இப்பவும் அதுதான் கேக்குது."

நான் பேப்பரால் ஒருதரம் தேய்த்துக் காட்டினேன். "அப்ப இந்தச் சத்தம்?" என்று கேட்டேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "இது பரவாயில்லை. நான் நிப்பாட்டினா நிக்குதுதானே."

ஒரே ஒரு ஆழமான கீறல் மட்டும் கடைசி வரை நின்றது. அடையாளமாக அதை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அப்படிச் சொல்வது அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒரு அடையாளமும் வேண்டாம்," என்று அரத்தை மறுபடி எடுத்தார். அந்த இடம் இப்போது சற்றுத் தட்டையாக இருக்கிறது. தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

அவருடைய பழைய பெனியனைக் கிழித்துப் பொலிஷ் போட்டோம். தேய்க்கத் தேய்க்கத் துணியில் கறுப்பு ஏறியது. துடைத்துப் பார்த்தபோது, கொடியில் காய்ந்த என் சேலை கவரில் தெரிந்தது. அவர் மகளுக்குத் தானாகவே போன் எடுத்து அதைக் காட்டினார்.

பிளாஸ்டர் வெட்டிய பிறகு இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கவரை வாங்கிப் பார்த்த மெக்கானிக், "மாஷா அல்லாஹ், சேர்! மற்றப் பக்கம் வெக்கப்படுமே!" என்றார். பூட்டி, ஸ்டார்ட் செய்து, வண்டியை இவரிடம் நீட்டினார். இவர் கை ஹேண்டில் வரை போய் நின்றுவிட்டது.

"இண்டைக்கு வேண்டாம். நீங்க ஓடிக்கொண்டு வந்து விடுங்கோ."

மெக்கானிக் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டார். நாங்கள் பின்னால் ஓட்டோவில் வந்தோம். வழி முழுக்க இவர் தலையை வெளியே நீட்டி வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு அது கீழே சும்மா நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது கீழே அந்தச் சத்தம் கேட்டது. பல்கனிக்கு ஓடினேன். எங்கள் ஒழுங்கையில் கடற்பக்கம் ரயில் பாதை வரை மெதுவாகப் போய், திருப்பிக்கொண்டு வந்தார். மேலே வந்து தண்ணீர் கேட்டார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

இப்போதும் கந்தோருக்கு பஸ்ஸில்தான் போகிறார். வண்டி ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும். வார்னிஷ் இல்லாத அலுமினியம் கடற்காற்றைத் தாங்காது. விட்டால் வெள்ளையாகப் பூத்து மங்கிவிடும். அதனால் சனி பின்னேரங்களில் கீழே இறங்கித் துணியும் பொலிஷுமாக இருக்கிறார். வலப்பக்கக் கவரைக் கழற்றியிருப்பதால் இந்த ஞாயிறு வண்டி ஓடாது. அது இப்போது பல்கனியில் இருக்கிறது. குடைவுகளை எனக்கென்று விட்டுவைத்திருக்கிறார்.