கூலிங் கிளாஸ் இல்லாத போட்டோ

கோவம் வந்தா எனக்குக் கைதான் முந்தும், வாய் அப்புறம்தான் வரும். இத மறைச்சு நல்லவன் வேஷம் போட எனக்கு இஷ்டம் இல்ல. அன்னிக்குக் காலையில நான் அடிச்சது என் பொண்டாட்டியோட தம்பிய. செங்கல்பட்டுல நான் வெச்சிருக்கற பேனர் கடையில டிசைன் என் வேலை, பிரிண்டிங் மிஷின் அவன் பொறுப்பு. முப்பது வயசு ஆளு, ரெண்டு பொண்ணுக்கு அப்பன். ஓங்கி ஒரு அறை வுட்டேன். காதப் பொத்திகினு அப்படியே தரையில உட்கார்ந்துட்டான்.

காரணம், சிஸ்டம் ஆன் ஆகல. ஆயுத பூஜைக்கு மறுநாள் அது. முந்தின நாள் கடையக் கழுவி, பிரிண்டர்ல இருந்து மவுஸ் வரைக்கும் எல்லாத்துக்கும் நானே சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடல படைச்சு, வாசல்ல பூசணிக்கா ஒடச்சுட்டு வூட்டுக்குப் போனோம். காலையில வந்து சாமியக் கும்பிட்டு பட்டன அமுக்குனேன். ஃபேன் ஒரு நாலு செகண்டு உர்ர்னுச்சு, நின்னுபோச்சு. அப்புறம் எத்தினி தபா அமுக்கியும் ஒரு மூச்சு இல்ல. இன்னாடான்னு பின்னால பார்த்தா, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல இவன் சீரியல் லைட்டச் சொருகி ராத்திரி பூரா எரிய வுட்டுகீறான். சிஸ்டத்தக் கொன்னுட்டியேடா பாவின்னு கத்தறதுக்குள்ள கை போயிடுச்சு.

வேற நாளா இருந்தா அவ்ளோ வெறி வந்திருக்காது. அரை மணி நேரம் முன்னாடி போன்ல ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெக்கால ஒரு குப்பம். அங்க இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் போன போட் கவுந்து, மூணாம் நாள் கரை ஒதுங்கினான். போஸ்ட்மார்ட்டத்துக்கு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருந்தாங்க. முகத்த மீனு வுட்டுவெக்கல. துணியில சுத்திதான் குடுப்போம், வூட்ல தெறக்காதீங்கன்னு சொல்லிட்டாங்களாம். அவங்க அம்மா, "எம் புள்ள கண்ண ஒரு தபா எனக்குக் காட்டிட்டுத் தூக்குங்கடா, இல்லாட்டி என்னயும் சேத்துப் பொதைங்க"ன்னு ஆஸ்பத்திரி வாசல்ல குறுக்கால படுத்துட்டாங்க.

கண்ண எங்க காட்டறது? அவன் போன் கடலோட போச்சு. கூட்டாளிங்க போன்ல இருக்கற போட்டோ அத்தினியிலயும் கூலிங் கிளாஸ் போட்டுகினு நிக்கறான். ஆதார் கார்டுல இருக்கறது அவனா அவன் எதிரியான்னு பெத்தவளுக்கே தெரியல. கடைசியில ஒருத்தனுக்கு என் ஞாபகம் வந்திருக்குது. ஆவணியில அவங்க கூட்டாளி கல்யாணத்துக்கு நான்தான் பேனர் போட்டேன். செத்துப்போன அந்தப் பையனும் கடைக்கே வந்தான், இங்கியே நிக்க வெச்சு போட்டோ எடுத்தேன். பேனர்ல இருக்கற கூலிங் கிளாஸ் அவன் போட்டது இல்ல, டிசைன்ல நான் ஒட்டுனது. பேனர்ல நிக்கற பாதிப் பேருக்கு நான்தான் கண்ணாடி மாட்டி வுடுவேன். போன்ல பேசுனது அவனோட அண்ணன். "ஒரிஜினல் எங்கிட்ட கீது அண்ணாத்த, கண்ணோட போட்டுத் தரேன், வாங்க"ன்னு வீராப்பா சொல்லிட்டேன். சிஸ்டத்த ஆன் பண்ணிப் பார்த்துட்டு இல்ல வாயத் தொறந்திருக்கணும்!

நாலு வண்டியில எட்டு பேரு வந்து எறங்குனாங்க. மூணு நாளா தூங்காத கண்ணு, அதுல பாதிப் பேரு காலையிலயே ஊத்திகினு வந்திருந்தாங்க. அண்ணன்காரரு மட்டும் குடிக்கல. நாப்பது வயசிருக்கும், கை ரெண்டும் வலை இழுத்து உரமேறிப்போன கை. "ரெண்டு மணிக்கு பாடிய குடுத்துடுவாங்க, அதுக்குள்ள வேணும்"னாரு. சிஸ்டம் ஆன் ஆகலன்னு சொன்னேன். பின்னால நின்ன ஒருத்தன், "இன்னா, வெளாட்றியா?"ன்னு கேட்டு கல்லாப் பக்கம் இருந்த கண்ணாடிய ஒரு குத்து குத்துனான். கண்ணாடி பொலபொலன்னு கொட்டிச்சு. அவன் கையில ரத்தம் ஊத்துது, அதப்பத்தி அவனுக்குக் கவலையே இல்ல.

ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி வேற கடையில மாட்டலாம்னா, பூஜை லீவு, பஜார் பூரா ஷட்டர் மூடிக் கெடக்குது. ஒரே சிஸ்டத்துல எல்லாத்தையும் வெச்சிருந்த என் புத்தியச் செருப்பால அடிக்கணும். சிபியுவ டேபிள் மேல தூக்கிப் போட்டு மூடியப் பிச்சேன். சுத்தி எட்டு பேரு மூச்சு வுட்டுகினு நிக்கறானுங்க, வேர்வை நாத்தம், ரத்த நாத்தம். மொதல்ல பவர் சப்ளைய சந்தேகப்பட்டேன். மதர்போர்டுல இருந்து பெரிய கனெக்டரப் புடுங்கி, பச்சை ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவுல ஒரு கம்பிய வளைச்சுச் சொருகுனேன். அதோட ஃபேன் ஜம்முனு சுத்திச்சு. அப்போ பவர் சப்ளை நல்லாத்தான் கீது. சீரியல் லைட்டு ஒண்ணும் பண்ணல. கீழ உட்கார்ந்திருந்த மச்சான் அந்த ஃபேனப் பார்த்தான், அப்புறம் என்னப் பார்த்தான். எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு, ஆனா அப்பவும் அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

கனெக்டரத் திரும்பச் சொருகிட்டு, ரேம் மெமரி கார்டக் கழட்டி அழிரப்பரால தேய்ச்சு மாட்டுனேன். ஒண்ணும் இல்ல. போர்டுல இருக்கற காசு சைஸு பேட்டரியக் கழட்டி மாட்டுனேன். ஒண்ணும் இல்ல. "போர்டு போயிருக்கும்"னு என் வாய்ல இருந்து வந்துச்சோ இல்லயோ, கண்ணாடிய ஒடச்சவன் என் சட்டையப் புடிச்சு செவுத்தோட சாத்திட்டான். என் கையில ஸ்க்ரூ டிரைவர். "கைய எடு, இல்ல குடல உருவிடுவேன்"னேன். சும்மா சொல்லல, சத்தியமா குத்தியிருப்பேன். அண்ணன்காரரு குறுக்க வந்து அவன் பொடனியிலயே ஒண்ணு போட்டாரு. "அவன் செத்தா போட்டோவ யாருடா எடுப்பா, உங்கொப்பனா?"ன்னாரு. அடி வாங்குனவன் அங்கயே குந்தி ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டான். செத்தவன் அவனுக்கு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து கூட்டாளியாம்.

அந்த ரகளையிலதான் மச்சான் எழுந்து வந்தான். கன்னத்துல என் அஞ்சு வெரலும் அப்படியே பதிஞ்சு கெடக்குது. "மாமா, பட்டனப் பாரு, உள்ளயே கீது. வெளிய வரவே இல்ல"ன்னான். குனிஞ்சு பார்த்தேன். பட்டன் மேல பெருசா ஒரு சந்தனப் பொட்டு. நேத்து பக்தி ஓவராகி நான் தண்ணியாக் கொழைச்சு அப்புனது. அது சந்துல வழிஞ்சு, காஞ்சு, காலையில நான் அமுக்குன பட்டன அப்படியே உள்ள புடிச்சு வெச்சிருக்குது. யாரோ வெரல எடுக்காம அமுக்கிகினே இருந்தா நாலு செகண்டுல அதுவே ஆஃப் ஆயிடும், மறுபடி எப்படி ஆன் ஆவும்? பட்டன் ஒயர போர்டுல இருந்து உருவிட்டு, அது சொருகியிருந்த ரெண்டு ஊசியயும் மச்சானே ஸ்க்ரூ டிரைவர் மொனையால தொட்டான். ஃபேன் சுத்திச்சு. இந்தத் தபா நிக்கல. மானிட்டர்ல வெளிச்சம் வந்துச்சு. எவனும் கை தட்டல. எல்லாரும் நெருங்கி வந்து நின்னாங்க.

கல்யாண பேனர் ஃபைலத் தொறந்தேன். கீழ் வரிசையில மூணாவதா அவன் சிரிச்சுகினு நிக்கறான். அவன் மேல ஒட்டியிருந்த கூலிங் கிளாஸ மட்டும் மவுஸால ஒரு தட்டு தட்டி மறைச்சேன்.

கண்ணு வந்துச்சு. எடது கண்ணு நல்லா கீது. வலது கண்ணு ஊதிப்போய், ரெப்பைக்குக் கீழ நாவப்பழம் கணக்கா கன்னிப்போயிருந்துச்சு. அப்பதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துச்சு. அந்தப் பையன் வந்து உட்கார்ந்ததும், "அண்ணா, இது தெரியாம ஒரு கண்ணாடி மாட்டி வுட்ரு"ன்னு கேட்டான். இந்த அடிய எங்கடா வாங்குனேன்னு கேட்டதுக்கு சிரிச்சான்.

அண்ணன்காரரு மட்டும் திரைக்குக் கிட்ட வந்து, அந்தக் காயத்து மேல வெரல வெச்சாரு.

"இது நான் குத்துனது"ன்னாரு. "வலையக் கிழிச்சுட்டான்னு கரையில வெச்சு, எல்லாரும் பார்க்கக் குத்துனேன். அன்னியோட என் போட்ல ஏறல. அடுத்தவன் போட்ல போனான்."

அந்தப் போட்டுதான் கவுந்துச்சு. யாரும் சொல்லாமலே எனக்குப் புரிஞ்சுது. மச்சான் மூஞ்சியத் திரும்பிப் பார்க்க நெனச்சேன், முடியல.

"இத எடுத்துடு. அம்மா பார்க்கக் கூடாது"ன்னாரு. எடுத்தேன். நல்ல கண்ணுல இருந்து தோல எடுத்து இங்க ஒட்டி, வீக்கத்த அமுக்கி, ஒரு அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டு கண்ணும் ஒண்ணா ஆச்சு. மச்சான் பிரிண்ட் எடுத்து, ஃப்ரேம் போட்டு, துணியால தொடச்சு அவங்க கையில குடுத்தான். எட்டு பேரும் வண்டிய எடுத்தாங்க. மணி ஒண்ணே முக்கால்.

தெருக்கோடி வரைக்கும் போன அண்ணன்காரரு எறங்கி, கொட்டிக் கெடந்த கண்ணாடிய மிதிச்சுகினு திரும்ப உள்ள வந்தாரு. ஒடச்சதுக்கு ஏதாச்சும் சொல்ல வராருன்னு நெனச்சேன்.

"அந்தக் காயத்தோட இருந்துச்சே, அது அழிஞ்சுபோச்சா?"

"இல்ல அண்ணாத்த. கீது."

"அது எனக்கு வேணும். சின்னதா, பர்ஸுல வெக்கற மாதிரி."

பாஸ்போர்ட் சைஸுல ஒரு ஷீட்டுக்கு எட்டு வரும், எட்டும் வேணுமான்னு கேட்டேன். ஒண்ணு போதும்னாரு.