ஏலத்துக்கு வந்த ராஜா

பாளையங்கோட்டையில், எங்கள் சர்ச் அறுப்பின் பண்டிகை ஏலத்தில்தான் அவரைப் பார்த்தேன். தாவரவியல் வாத்தியார், ஒல்லியான உடம்பு, நகமெல்லாம் செம்மண். ஒரு பனை வகைக் கன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்தார். கொடுத்ததைத் தானே ஏலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவர் எண்ணமும் அதுதான்.

"தென்னங்கன்னு ஒண்ணு!" என்றார் ஏலம் விட்டவர்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "தென்னையா? இவரு அட்டாலியா வே! அட்டாலஸ் ராஜா பேரு. ஆளுறதை விட்டுட்டுத் தோட்டத்துலயே கெடந்தவரு. சாகும்போது நாட்டையே ரோமாபுரிக்கு எழுதி வச்சிட்டாரு!" என்று துள்ளினார்.

கூட்டமே எழுந்துவிட்டது. ராஜாவை ஆளாளுக்குக் கேட்டார்கள். வாத்தியார் வாயாலேயே விலை ஏறியது. அவரும் கேட்டார், நானும் விடவில்லை. கடைசியில் அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார்.

மனசு கேட்காமல், எனக்கு விழுந்த கன்றை அவரிடமே நீட்டினேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. ராஜாவுக்கு எத்தன பேரு போட்டி போட்டாங்க, பாத்தியளா?" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்கு வருகிறார். காபி குடிக்கக் கூப்பிட்டால், "மொதல்ல அவரைப் பாத்துட்டு வாரேன்" என்று நேரே தோட்டத்துக்குப் போகிறார். ஏலம் எடுத்தது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.